காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டா?

ராஜா சித்தப்பா: கார்த்தி, முகிலுக்கு வாங்கின கேம் திறக்கவே மாட்டேங்குது. லைசென்ஸைச் சரிபார்க்க முடியலையாம். வீட்டு நெட் காலையிலேர்ந்து இல்ல. தனியா ஆடுற கேமுக்கு எதுக்குடா நெட்?

கார்த்திக்: இப்போதைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுத் திறந்து பாருங்க சித்தப்பா

ராஜா சித்தப்பா: ம், ஓடுது

முகில்: அண்ணா, என் ஃப்ரெண்டு அதையே சும்மா டவுன்லோட் பண்ணி ஆடுறான். அவனுக்கு நெட்டே கேக்கல

கார்த்திக்: அதுதான்டா எனக்கு வயித்தெரிச்சல். காசு கொடுத்து வாங்கினதான்னு கேம் சரிபார்க்குதே, அதுதான் பூட்டு. கிராக் பண்றவன், அதாவது கேமை உடைச்சு சும்மா பரப்புறவன், முதல்ல கழட்டுறதே அதைத்தான். காசு கொடுத்து வாங்கினவன்தான் அதைக் கட்டிக்கிட்டு அழணும்

பெரியப்பா: திருட்டுத்தனமா இறக்கினா கம்பெனிக்காரன் என்னப்பா பண்ணுவான்? எத்தனை பேர் வருஷக்கணக்கா உழைச்சது

கார்த்திக்: உழைப்புக்குக் காசு வரணும் பெரியப்பா, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா 2008ல ஸ்போர்னு ஒரு கேம். மூணு தடவைதான் ஆக்டிவேட் பண்ணலாம்னு வெச்சாங்க. அமேசான்ல ஒத்தை ஸ்டார் ரிவ்யூவா குவிஞ்சப்புறம் மூணை அஞ்சாக்கினாங்க. அப்பவும் அந்த வருஷம் டோரண்ட்ல, அதான் திருட்டு காப்பி பரவுற வழியில, அதிகமா இறங்கின கேம் அதேதான்

திவ்யா: ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கதைய விட்டுட்டியே. 2021ல வந்தது. கம்ப்யூட்டர்ல ஆடினா, ஜாம்பியச் சுடுற நேரமா பார்த்து படம் விக்கி விக்கி நிக்கும். பயந்து சுடுற கேம்ல அந்த நொடிதானே முக்கியம்! எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்பட்டாங்க. கிராக் காப்பி வந்தப்போ பார்த்தா அதுல விக்கலே இல்ல. அப்புறம் கேமைப் பண்ணின கேப்காம் கம்பெனியே அப்டேட் விட்டு, திருட்டுத் தடுப்பைச் சீர்படுத்தியிருக்கோம்னு சொல்லிச்சு

பெரியப்பா: அடப்பாவமே. காசு கொடுத்தவனுக்கு மட்டமான சரக்கா?

கார்த்திக்: ஆமா பெரியப்பா. அதே வருஷம் நவம்பர்ல டெனுவோங்கிற பூட்டுக் கம்பெனி, கேம் போய்ச் சரிபார்க்குற அதோட வெப் முகவரியை (டொமைன்) புதுப்பிக்காம விட்டுடுச்சு. அதனால சில மணி நேரம் நிறைய கேம் திறக்கவே இல்ல. வாங்கினவங்க பண்ணின தப்பு என்ன அதுல?

ராஜா சித்தப்பா: சர்வரையே ஒருநாள் மூடிட்டா?

திவ்யா: மூடிட்டாங்க சித்தப்பா. தி க்ரூ, 2014ல வந்த கார் ரேஸ் கேம். 2024 மார்ச் கடைசியில சர்வரை நிறுத்தினாங்க. தனியா ஓட்டுறவங்களும் ஆட முடியாம போச்சு

பெரியப்பா: வித்த புஸ்தகத்தைக் கடைக்காரன் வீடேறி வந்து பிடுங்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு

திவ்யா: அந்தக் கோவத்துலதான் ஐரோப்பாவுல, வித்த கேமை இப்படி முடக்கக் கூடாதுன்னு ஒரு மனுவுல பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க

ராஜா சித்தப்பா: சரி, இனிமே வாங்குறப்ப எதைப் பார்க்கணும்?

கார்த்திக்: கேம் விக்கிற ஸ்டீம் சைட்ல, வேற கம்பெனிப் பூட்டு இருந்தா அந்த கேமோட பேஜ்லயே போட்டிருப்பாங்க, டெனுவோன்னு பேரோட. பூட்டு இல்லாம கேம் விக்கிற ஜிஓஜி சைட்ல கிடைச்சா அங்கயே வாங்குங்க. இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம். ஸ்டீம்ல வாங்கிப் பிடிக்கலைன்னா 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா காசு திரும்பக் கேக்கலாம்

முகில்: அப்பா இதுலயும் கேளுங்கப்பா, நான் இன்னும் அவ்ளோ ஆடல

ராஜா சித்தப்பா: கேக்குறேன் கண்ணா. கார்த்தி, அந்த ஜிஓஜி லிங்க்கை அனுப்பு