கணக்கு வருது, ஆனா வீட்டுப்பாடம் முடியலை: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கணித ஆசிரியை, 9, 10-ம் வகுப்புகள்

16 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் எப்போதும் மனசில் இருக்கும். அந்தப் பட்டியலையே நான் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொடுத்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொல்வாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் தயங்க மாட்டாள். நோட்டு மட்டும் என் மேஜைக்கு வராது. "செஞ்சேன் டீச்சர், எடுத்துட்டு வரலை" என்பாள். நம்பாமல் எத்தனையோ நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஒருநாள் பள்ளி விட்ட பிறகு, திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு, பையில் இருப்பதை எல்லாம் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னேன்.

அறிவியல் புத்தகத்துக்குள் நான்காக மடித்த தாள்கள் மூன்று. மூன்றிலும் நான் கொடுத்த கணக்குகள். ஒன்றில் ஐந்துக்கு ஐந்தும் சரி. ஆனால் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. ரஃப் நோட்டின் பின் அட்டையில் "4, 6, 7?" என்று ஒரு கிறுக்கல். அந்தக் கேள்விக்குறி எதற்கு என்று கேட்டேன். "ஏழா ஒன்பதான்னு சரியா காதுல விழலை டீச்சர். அப்பதான் பெல் அடிச்சுது."

இன்னொரு பக்கத்தில் பாதியில் நின்ற கணக்கு ஒன்று. அடைப்புக்குறிக்கு வெளியே −3, உள்ளே எக்ஸிலிருந்து 4 கழிக்க வேண்டும். பெருக்கி எழுதும்போது +12 வர வேண்டிய இடத்தில் −12 போட்டுவிட்டாள். விடை 5 வர வேண்டியதற்கு −3 வந்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்திருக்கிறாள், பொருந்தவில்லை, பேனாவை மூடிவிட்டாள். அதே மாதிரிக் கணக்கை வகுப்பில் அவள் கையாலேயே சரியாக எழுதியிருக்கிறாள். ஆனால் அது வேறொரு நோட்டில் இருந்தது. அந்த நோட்டு அன்றைக்குப் பள்ளியிலேயே தங்கிவிட்டது.

அவளுக்கும் கணக்குக்கும் எந்தச் சண்டையும் இல்லை. பெல் அடிப்பதற்கும் வீட்டில் நோட்டைத் திறப்பதற்கும் நடுவில்தான் எல்லாம் நழுவிப் போயிருக்கிறது. அதில் பாதித் தப்பு என்னுடையது. எல்லோரும் பையை மூடிக்கொண்டிருக்கும்போது வீட்டுப்பாடத்தைச் சொல்லிவிட்டு வெளியே போகிறவள் நான்தானே.

அடுத்த வாரத்திலிருந்து பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்னாடியே, கரும்பலகையின் ஒரே மூலையில் எழுதிப் போடுகிறேன்: பக்கம், கணக்கு எண்கள், பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டின் எண், கொண்டுவர வேண்டிய நாள். பிள்ளைகள் அதைக் கணக்கு நோட்டிலேயே, அடுத்த புதுப் பக்கத்தின் தலைப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். டைரியிலும் வேண்டாம், ரஃப் நோட்டிலும் வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்யப்போகிற பக்கத்திலேயே அது இருக்கட்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் முதல் கணக்கை என் கண்முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். தனித் தாளில் செய்தால் அன்றைக்கே நோட்டில் ஒட்டியாக வேண்டும்.

முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மறதியைப் பற்றி முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர். அவர் புத்தகம் வந்தது 1885-ல். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி செங்குத்தாக இறங்குகிறது, அப்புறம் மெதுவாகிறது என்று கண்டார். அவர் மனப்பாடம் செய்து பார்த்தது அர்த்தமில்லாத அசைகளை. என்றாலும் காலையில் புரிந்த கணக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்நியமாகத் தெரிவதை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். ஒரு கணக்கு ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த அந்நியம் பாதி குறைந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில், வகுப்பில் எங்கே நழுவுகிறது? எழுதுங்கள்.

ஓர் அம்மா, மகன் பத்தாம் வகுப்பு

டீச்சர், படித்ததும் நெஞ்சில் குத்தியது. என் பையனை "ரெண்டு மணி நேரம் உக்காந்தும் அஞ்சு கணக்கு முடிக்கலையே" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் நேரத்தைக் குறித்தேன். என்ன கணக்கு என்று நண்பனிடம் போனில் கேட்பதற்கு 20 நிமிடம். கேட்டது ஒரு வரி, மற்றதெல்லாம் வேறு பேச்சு. காம்பஸ் தேடுவதற்கு எட்டு நிமிடம். கிராஃப் தாள் தேட ஒரு தடவை, பேட்டரி போன கால்குலேட்டருக்காக இன்னொரு தடவை எழுந்து போனான். பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் மொத்தம் 35 நிமிடம். பாவம், அந்த 35 நிமிடத்தில் நன்றாகத்தான் செய்தான்.

முதலில் நான் செய்தது எதுவும் உதவவில்லை. கலர் கலராக ஒரு கால அட்டவணை போட்டு சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. போட்டது நான்தானே, அவன் இல்லையே.

உதவியது ஒரு பழைய டப்பா. காம்பஸ், ஸ்கேல், இரண்டு பென்சில், ரப்பர், கிராஃப் தாள், கால்குலேட்டர் எல்லாம் அதற்குள். கணக்குக்கு மட்டும்தான் அந்த டப்பா. வேறு பாடத்துக்கு அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. போன் அடுத்த அறையில். டைமரில் 25 நிமிடம், பிறகு 5 நிமிடம் ஓய்வு. இது 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய முறை என்று என் பையனே தேடிப் படித்துச் சொன்னான். தக்காளி என்றதும் அவனுக்குப் பிடித்துவிட்டது. இப்போது பெரும்பாலும் இரண்டு சுற்றில் முடிகிறது. முடித்ததும் நோட்டு நேராகப் பைக்குள் போக வேண்டும். "முடிச்சுட்டேன்" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை; "பைல வெச்சுட்டேன்" என்றால்தான் முடிந்த கணக்கு.

ஓர் அண்ணன்

என் தங்கைக்கு நழுவின இடம் வேறு. உட்காருவாள், எல்லாம் கையில் இருக்கும், மூன்றாவது கணக்கில் மாட்டிக்கொள்வாள். அதோடு நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் போச்சு. மாட்டின கணக்கை விட்டுவிட்டுப் போவது தோற்றுப் போவது மாதிரி அவளுக்கு.

ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பத்து நிமிடம் முட்டிப் பார்க்கணும். நகரவில்லை என்றால் எங்கே நிற்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, நான்கு வரி இடம் விட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடணும். "புரியலை" என்று எழுதக் கூடாது. எது புரியவில்லை என்று எழுத வேண்டும்.

முதல் வாரம் அவள் எழுதின வரி இன்னும் நினைவிருக்கிறது, காரணிப்படுத்தும் கணக்கு: "பெருக்கினா −18, கூட்டினா 7 வரணும். அந்த ரெண்டு நம்பர் கிடைக்கலை." ராத்திரி நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தாள், வாயில் நுரையோடு. "அண்ணா, ஒன்பதும் மைனஸ் ரெண்டும்!" விட்டு வைத்திருந்த நான்கு வரியில் உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் வாய் கொப்பளித்தாள்.

ஓர் அப்பா

எல்லாரும் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் நோட்டு அவ்வளவு சுத்தம்; தேதி, பக்கம், அடிக்கோடு எல்லாம் இருக்கும். ஆனாலும் கணக்கு முடிவதில்லை. ஒழுங்கு இருந்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு என்ன செய்வது டீச்சர்?

கணித ஆசிரியை

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி ஐயா. ஒழுங்கு இருந்தால் கணக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் எது என்று கண்ணுக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பையனுக்கு எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் இயற்கணிதத்தில் பாதிக் கணக்கு தப்பாகவே வந்தது. வரிசையாக எட்டு நாள் நோட்டைப் புரட்டினேன். தப்பு எல்லாம் ஒரே இடத்தில்தான்: பின்னத்தின் கீழே எண்கள் இருந்தாலும் சரி, எழுத்துகள் இருந்தாலும் சரி, பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறான். ஆறாம் வகுப்பு விஷயம், ஒன்பதாம் வகுப்பு வரை யாரும் கவனிக்கவில்லை. நோட்டு அங்கும் இங்கும் சிதறிக் கிடந்திருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

உங்கள் மகளின் சுத்தமான நோட்டில் அடித்துத் திருத்தின இடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில பிள்ளைகள் தப்பை ரப்பரால் முழுக்க அழித்துவிட்டு விடையை மட்டும் அழகாக எழுதுவார்கள். அப்படி இருந்தால் ஒரு வாரம் ரப்பரை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் திருத்தம். எங்கே தடுக்குகிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் கணக்கு ஆசிரியரிடம் போங்கள்.

டியூஷன் எடுப்பவர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வீட்டுப்பாடத்தில் எல்லாக் கணக்கும் அன்றைய பாடத்திலிருந்தே இருந்தால் பிள்ளை யோசிக்காமலே போட்டுவிடும், எந்த முறை என்பது தலைப்பிலேயே இருக்கிறதே. நான் ஐந்து கணக்கு கொடுத்தால் இரண்டு பழைய பாடத்திலிருந்து கொடுப்பேன். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள்: சிலருக்கு ஒரே வகைக் கணக்குகளைச் சேர்த்து, சிலருக்கு எல்லா வகையையும் கலந்து. கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதனால் கலந்து கொடுத்த முதல் சில நாள் பிள்ளை தடுமாறினால் பெற்றோர் பதற வேண்டாம். அதற்காகப் பழைய நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அதில்தான் அந்தக் கணக்குகள் இருக்கின்றன.

பதினொன்றாம் வகுப்பு மாணவி

அம்மா காட்டினதால் படித்தேன். பெரியவர்கள் மட்டும் எழுதியிருப்பதால் நானும் எழுதலாம் என்று தோன்றியது.

எனக்கு ராத்திரி வரைக்கும் தள்ளிப்போடும் பழக்கம். சோம்பல் என்று எல்லாரும் சொன்னார்கள், உண்மையில் பயம். பதினைந்து கணக்கு என்று பார்த்ததும் வயிறு பிசையும். இப்போது பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றுவதற்கு முன்னாடியே கணக்கு நோட்டைத் திறந்து, மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுப் போகிறேன். செய்வதில்லை, திறப்பது மட்டும்தான். திறந்து கிடக்கிற நோட்டில் போய் உட்காருவது சுலபம். பதினைந்தையும் மூன்று மூன்றாகப் பிரித்துக் கோடு போடுவேன். எளிதாகத் தெரிகிற மூன்று முதலில்.

அந்த அண்ணன் சொன்ன மாதிரி நான்கு வரி இடம் விடுவதை நேற்று முதல் தடவை செய்து பார்த்தேன். திரிகோணமிதி, ஏழாவது கணக்கு. "ரெண்டு பக்கமும் சைன், காஸா மாத்தின பிறகு வலது பக்கம் பெரிசாகுது" என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு வரை முடித்தேன். ஏழு இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் முதல் பீரியட் கணக்கு. நோட்டை அந்தப் பக்கத்திலேயே திறந்து மிஸ்ஸிடம் காட்டப்போகிறேன்.