புதுப்பிப்பு: குழந்தைகள் விளையாடும் மைதா மாவு ஏன் பிசுபிசுக்கிறது?

முன்பு எழுதியது அடுப்பில் வைக்காமல் பிசையும் முறை: 2 கப் மைதா, 1 கப் உப்பு, தண்ணீர். மழை நாளில் அது கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். வேகாத மாவால் அதைத் தாங்க முடியாது.

இனி கிண்டியே செய்யுங்கள். 1 கப் மைதா, அரை கப் தூள் உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 கப் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பை மூட்டுங்கள். சிறு தீயில் கிளறக் கிளற முதலில் கூழாகும், பிறகு அல்வா மாதிரி சுருண்டு வாணலியை விட்டு விலகும். ஈர விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் மறுபடி பிசுபிசுப்புதான். கல் உப்பு வேண்டாம், கரையாத பரல் பிஞ்சு விரலை உறுத்தும்.

நிறத்துக்குத் தண்ணீரில் கொஞ்சம் குறைத்து பீட்ரூட் சாறு ஊற்றலாம். மஞ்சள்தூள் துணியில் கறை விடும்.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம், உப்பு அவ்வளவு அதிகம்.