தையல் மெஷின் பழுது குறித்த தமிழ் இணையதளம்: தேடல் எண்ணிக்கை குறைவென்று தலைப்பைக் கைவிடலாமா?

ஈரோடு மெக்கானிக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் 22 ஆண்டுகளாகத் தையல் மெஷின் பழுது நீக்கும் கடை நடத்தி வருகிறேன். இந்தத் தொழிலில் நான் அறிந்தவற்றைத் தமிழில் எழுதி ஓர் இணையதளமாக்க வேண்டும், அதிலிருந்து சிறிது விளம்பர வருமானமும் உதிரிபாக விற்பனையும் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் தொடங்கும் முன்பே தலைப்புத் தேர்வில் சிக்கிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் செல்பேசி மதிப்புரைக்கென ஒரு தளம் தொடங்கினேன். தேடுவோர் எண்ணிக்கை பெரிதாக இருந்தது என்பதைத் தவிர அந்தத் தலைப்பை எடுக்க என்னிடம் வேறு காரணம் இல்லை. 60 கட்டுரைகள் எழுதியும் வாசகர் வரவில்லை. எனவே இம்முறை கீவேர்டு ரிசர்ச் (மக்கள் எந்தச் சொற்களைத் தேடுகிறார்கள் என்ற ஆய்வு) செய்துவிட்டே இறங்குவதென முடிவு செய்து, ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்டு பிளானரில் "தையல் இயந்திரம்", "தையல் இயந்திரம் பழுது", "தையல் இயந்திர உதிரிபாகங்கள்" ஆகியவற்றை இட்டுப் பார்த்தேன். முதல் சொல்லுக்கு மாதத்திற்கு 1,000 முதல் 10,000 வரை என்றும், போட்டி 'அதிகம்' என்றும் வருகிறது. மற்ற இரண்டுக்கும் எண்ணே இல்லை. அப்படியானால் தேடப்படும் சொல்லில் போட்டி கடுமை, போட்டி இல்லாத சொல்லைத் தேடுவார் இல்லை என்றுதானே பொருள்? இதைக் கைவிட்டு அரசு வேலைவாய்ப்புச் செய்திகளுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சொல்வலை

வணக்கம் ஐயா. தலைப்பைக் கைவிட வேண்டாம். நீங்கள் பார்த்த எண்களை வேறு பொருளில் படித்துவிட்டீர்கள்.

கீவேர்டு பிளானர் விளம்பரம் கொடுப்போருக்காகக் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் வைக்கப்பட்டுள்ள கருவி. அதில் 'போட்டி' என்ற பத்தி, அந்தச் சொல்லுக்கு எத்தனை விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கிறார்கள் என்பதை மற்றச் சொற்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. கட்டுரை எழுதி முதல் பக்கத்திற்கு வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்தப் பத்திக்கும் தொடர்பில்லை. மெஷின் விற்கும் நிறுவனங்கள் ஏலம் கேட்பதால் 'அதிகம்' என்று வந்திருக்கும். உங்களைப் பொறுத்தவரை அது இத்துறையில் பணம் புழங்குகிறது என்பதற்கான அடையாளமே. விளம்பரத்திற்குச் செலவு செய்யாத கணக்குகளுக்கு அந்தக் கருவி துல்லியமான எண்ணைக் காட்டாமல், 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று அகன்ற வரம்பை மட்டுமே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் 1,100 பேர் தேடும் சொல்லும் 9,000 பேர் தேடும் சொல்லும் அங்கே ஒன்றுபோலவே தெரியும்.

எண் வராத சொல்லை யாருமே தேடுவதில்லை என்றும் கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாளும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவை என்று கூகுளே பல முறை சொல்லியிருக்கிறது. ஒரே பழுதை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் கேட்கும்போது, எந்த ஒரு வடிவமும் கருவியின் கணக்கில் ஏறாது.

மதுரை தையற்காரி

ஐயா, நான் தளம் நடத்துபவள் அல்லள். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். உங்கள் கட்டுரையைத் தேடப்போவது என்னைப் போன்றவர்கள் என்பதால் சொல்கிறேன். மெஷின் மக்கர் செய்யும்போது "தையல் இயந்திரம் பழுது" என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. "தையல் மெஷின் நூல் அறுந்து போகுது", "மெஷின் தையல் விட்டு விட்டு விழுது", "அடியில் நூல் கொத்தாக வருது" என்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதைப் போலத்தான் அடிப்பேன். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பேன், அல்லது மைக்கை அழுத்திப் பேசிவிடுவேன். "இயந்திரம்" என்ற சொல் என் வாயில் வருவது இலவச மெஷினுக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டுந்தான்.

சொல்வலை

அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்னதில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தின் பெயரிலேயே "இயந்திரம்" இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்திலும் தையற்கலைஞர்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. எனவே "தையல் இயந்திரம்" என்று தேடுவோரில் கணிசமானோர் விண்ணப்பப் படிவமும் தகுதி விதிகளும் தேடுபவர்களாகவே இருப்பார்கள். மெக்கானிக் ஐயா அந்தச் சொல்லில் முதலிடம் பிடித்தாலும், ஊசி மாற்றுவது பற்றி எழுதிய பக்கத்தில் அவர்கள் ஒரு நொடியும் நிற்க மாட்டார்கள். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதற்கு முன், எதற்காகத் தேடுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதை அறிய எளிய வழி, அந்தச் சொல்லைத் தேடி வரும் முதல் 10 முடிவுகளை நிதானமாகப் படிப்பதுதான். எல்லாம் அரசுத் திட்டச் செய்திகளாக இருந்தால் அந்தச் சொல் உங்களுக்கானதன்று. முழுக்க யூடியூப் காணொளிகளும், கேள்வியோடு ஒட்டாத பக்கங்களும் வந்தால், எழுத்து வடிவில் நல்ல விடை இன்னும் இல்லை என்று கொள்ளலாம்.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கருவியைச் சில நாட்களுக்கு மூடிவைத்துவிட்டு, கடைக்கு வருபவர்கள் குறையைச் சொல்லும் சொற்களை அவர்கள் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

ஈரோடு மெக்கானிக்

நீங்கள் சொன்னபடி 9 நாட்கள் எழுதினேன். மொத்தம் 41 குறைகள். அவற்றில் பாதிக்கு மேல் நான்கே பழுதுகளில் அடங்கிவிட்டன: மேல்நூல் அறுதல், தையல் விடுதல், அடியில் நூல் கொத்தாகச் சேர்தல், துணி நகராமை. 22 ஆண்டுகளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சொற்களை இப்போதுதான் கேட்பதுபோல் இருந்தது. ஒருவர்கூட "பழுது" என்று சொல்லவில்லை. "ரிப்பேர்" என்றார்கள், அல்லது குறையை மட்டும் சொன்னார்கள்.

அந்தச் சொற்களைக் கூகுள் தேடல் பெட்டியில் பாதி அடித்து நிறுத்தினால், பெட்டி தானாகவே நீட்டிக் காட்டும் வரிகளில் பல என் நோட்டில் இருப்பவையாகவே உள்ளன. பிளானரில் மொழியைத் தமிழ் என்று ஒரு முறையும் ஆங்கிலம் என்று ஒரு முறையும் வைத்துப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் அடித்த வடிவங்கள் சிலவற்றுக்கு 100 முதல் 1,000 வரை வந்தது. முடிவுப் பக்கங்களையும் படித்தேன். அடியில் நூல் கொத்தாக விழுவதற்குப் பல பக்கங்கள் பாபின் கேஸ் (அடிநூல் உருளை இருக்கும் கூடு) திருகைத் திருப்பச் சொல்கின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஏனெனில் அடியில் தெரியும் அந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் சரியாக உட்காராமல் இருக்கும். திருகைத் தொட்டுவிட்டு, இரண்டு கோளாறுகளோடு என்னிடம் வருபவர்கள் ஏராளம்.

கடல்மல்லை

எல்லாரும் ஊக்கப்படுத்துவதால், ஓர் எச்சரிக்கையை நான் சொல்கிறேன். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரி முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. ஆனாலும் மாதம் சில நூறு பேர் தேடும் தலைப்புகளில் விளம்பர வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வருமானத்தை உதிரிபாக விற்பனையில் எதிர்பாருங்கள். அதற்கும் சொற்கள் இருக்கின்றன: எந்த மெஷினுக்கு எந்த ஊசி, 14-ஆம் எண்ணா 16-ஆம் எண்ணா என்று தேடுபவர் வாங்கும் நிலையில் இருப்பவர்.

இன்னொன்று, பழுது நீக்குவதைக் கண்ணால் பார்த்துச் செய்யவே மக்கள் விரும்புவார்கள். தேடல் ஆர்வத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் 'வலைத் தேடல்' என்பதை 'யூடியூப் தேடல்' என்று மாற்றியும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையான எண் தேடியவர்களின் தொகையன்று. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் உச்சத்தை 100 என வைத்த ஒப்பீடு மட்டுமே. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சிறு காணொளியையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். வேலைவாய்ப்புச் செய்திக்கு மாறுவதை மட்டும் மறந்துவிடுங்கள். அங்கே அன்றாடம் முந்திக்கொள்ளும் பெரிய தளங்கள் இருக்கின்றன. அதோடு, 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. 22 ஆண்டு அனுபவம் உங்களுக்கு இந்தத் தலைப்பில்தான் இருக்கிறது.

ஈரோடு மெக்கானிக்

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். தலைப்பு தையல் மெஷின்தான். ஆனால் எல்லா மெஷின்களும் அல்ல, வீட்டு மெஷின் ரிப்பேர் மட்டும். முதல் நான்கு கட்டுரைகள் நோட்டில் வந்த நான்கு குறைகளுக்கு. ஐந்தாவது ஊசி பற்றியது. வீட்டு மெஷின் ஊசியின் அடிப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மெஷினின் டிபி எக்ஸ் 1 வகை ஊசிக்கு அது உருண்டையாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுத் தையல் விடுகிறது என்று வருபவர்கள் வாரந்தோறும் உண்டு.

கடைசியாக ஓர் ஐயம். ஒரே குறைக்குப் பல சொற்கள் இருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பக்கம் எழுத வேண்டுமா?

சொல்வலை

வேண்டாம் ஐயா. "நூல் அறுந்து போகுது", "நூல் கட் ஆகுது" என்று தேடும் இருவருக்கும் வேண்டிய விடை ஒன்றே என்றால் பக்கமும் ஒன்றே போதும்; தனித்தனியாக எழுதினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டியிடும். அதிகம் கேட்ட வடிவத்தைத் தலைப்பில் வையுங்கள், மற்றவை கட்டுரைக்குள் இயல்பாக வரட்டும். தளத்தைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இணைத்துவிட்டு 3 மாதங்கள் பொறுங்கள். எந்தெந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று அது சொல்லும். நீங்கள் எழுதாத ஒரு குறை அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால், ஆறாவது கட்டுரை அதற்குத்தான்.