மறு: எலிமெண்டல் கால்சியம், எலிமெண்டல் அயர்ன் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'தனிமக் கால்சியம்' என்றே வைத்துக்கொள்ளலாம். தனிமம் பள்ளிப் பாடநூலில் இருக்கும் சொல்தானே.

ஐயா, வணக்கம்.

மாத்திரையில் உள்ள கால்சியத்தின் எடையை மட்டும் சொல்வதுதான் 'எலிமெண்டல் கால்சியம்'. அதற்குத் 'தனிமக் கால்சியம்' என்பது வேதியியல் வகுப்புக்குச் சரி. தருமபுரியில் மருந்துக்கடைக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு அது உதவாது. மாத்திரையில் கால்சியம் தனிமமாக இருப்பதே இல்லை. கார்பனேட், சிட்ரேட் போன்ற உப்பாக, அதாவது வேறு பொருளோடு சேர்ந்த சேர்மமாகத்தான் இருக்கிறது. 'தனிமக் கால்சியம்' என்று போட்டால், எதுவும் கலக்காத உசத்தி ரகம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

ஆட்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1250 மி.கி. என்று இருக்கும். அது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 500 மி.கி. சிட்ரேட் என்றால் சுமார் 21 பங்குதான், 1000 மி.கி. சிட்ரேட்டில் 210 மி.கி. தேறும். இரும்புச்சத்து மாத்திரையிலும் இதே கதை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. என்பது இரும்பின் எடை. கடையில் 200 மி.கி. ஃபெரஸ் ஃபூமரேட் (இதுவும் ஓர் இரும்பு உப்பு) என்று பார்த்ததும், இது மூன்று மடங்கு சத்து என்று வாங்கிவிடுகிறார்கள். ஃபூமரேட்டில் இரும்பு மூன்றில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

நம் பக்கத்து ராகியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம். இது கால்சியத்தின் எடை மட்டும். இதை 1250-க்குப் பக்கத்தில் வைத்தால் களி ஒன்றுமில்லாதது போல ஆகிவிடும். 500-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பரிந்துரைத்ததும் கால்சியத்தின் எடையைத்தான்.

அதனால் என் பரிந்துரை, 'நிகரக் கால்சியம்', 'நிகர இரும்பு'. பொதுவாகச் சொல்ல 'நிகரச் சத்தளவு'. 'நிகர எடை' எல்லா பாக்கெட்டிலும் பார்த்துப் பழகிய சொல். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைக்குப் பழம் ஏற்றுகிறவருக்கு, பழத்தின் எடை வேறு, தோலும் கொட்டையும் போகக் கிடைக்கும் கூழின் எடை வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அதே கணக்குதான்.

'நிகர' என்றால் உடம்பில் சேரும் அளவு என்று எடுத்துக்கொள்வார்களே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கவலை. மாத்திரையில் உள்ள 500 மி.கி.யும் அப்படியே உடம்பில் சேர்வதில்லை. ஒரு பகுதியைத்தான் குடல் எடுத்துக்கொள்கிறது. அதற்கு 'உட்கிரகிப்பு அளவு' என்று தனிச்சொல் வைத்துவிட்டால் இரண்டும் குழம்பாது.

சொற்பட்டியலில் விளக்கத்தை இப்படி எழுதலாமா, பாருங்கள்:

நிகரக் கால்சியம் – மாத்திரையில் உள்ள உப்பின் மொத்த எடையில் கால்சியத்தின் எடை மட்டும். உடலில் சேரும் அளவு அல்ல.