புதுப்பிப்பு: டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாறியதில் ஏ.ஆர்.இ. என்னவாயிற்று?

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் வாங்க எழுத வேண்டிய ஏ.ஆர்.இ.யின் ஆறு தேர்வுகளில் மூன்றை டெக்சாஸில் பாஸ் செய்துவிட்டேன், வேலை மாறி கலிஃபோர்னியா போகிறேன், எல்லாம் வீணாகிவிடுமா என்று புலம்பியிருந்தேன் அல்லவா? வீணாகவில்லை. ஏ.ஆர்.இ. எல்லா மாநிலங்களுக்கும் பொதுத் தேர்வு. மதிப்பெண்கள், தேர்வை நடத்தும் தேசிய அமைப்பான என்கார்ப்பில் (NCARB) உள்ள என் கணக்கிலேயே இருக்கின்றன. பாஸான தேர்வு ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும் என்ற கெடு பற்றிய பயமும் பழைய கதை. 2023 மே முதல் அந்த விதி போய்விட்டது. தேர்வின் இப்போதைய 5.0 பதிப்பில் பாஸானது, அடுத்த பதிப்பு முடியும்வரை செல்லும்.

ஆனால் அடுத்த தேர்வுக்குத் தேதி எடுக்குமுன் உரிமம் தரும் கலிஃபோர்னியா ஆர்க்கிடெக்ட் வாரியத்திடம் தனியாக விண்ணப்பித்துத் தகுதி வாங்க வேண்டும். இது தெரியாமல் நேரே தேதி பதிவு செய்யப் போய் முழித்தேன்.

உண்மையான தலைவலி அனுபவ மணிகள்தான். உரிமத்துக்குத் தேர்வோடு 3,740 மணி நேர வேலை அனுபவமும் காட்ட வேண்டும்; அந்தக் கணக்கில் என் கடைசி அறிக்கை, பழைய மேலாளர் ஒப்புதல் தராமல் தூங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்ட பிறகு யார் அவசரப்படுவார்கள்? மூன்று மின்னஞ்சல், ஒரு போன், அப்புறம்தான் அசைந்தது. ஊர் மாறுபவர்களுக்குச் சொல்கிறேன்: கடைசி நாளிலேயே, அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த ஒப்புதல் பொத்தானை அழுத்த வையுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் பழைய மணிகளைப் பதிந்தால் பாதிதான் கிடைக்கும்.

ஆறும் முடிந்தாலும் இங்கே சி.எஸ்.இ. என்று மாநிலத் தேர்வு ஒன்று தனியாக உண்டு. அது டெக்சாஸில் இல்லை. நாலாவது தேர்வுக்கு இப்போது தேதி கிடைத்துவிட்டது.