எத்தனை போஸ்கள்? குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

குழு: போஸ் தாத்தா குடும்பம்

நிலா, மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேறொரு குழுவில் வந்த செய்தி, ஜகதீஷ் சந்திர போஸ், சத்யேந்திரநாத் போஸ், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆகிய மூவரும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் என்றும், ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கிய அமர் போஸ் நேதாஜியின் பேரன் என்றும் சொல்கிறது. படிப்பதற்கு மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். பெரியப்பா, இது உண்மையா?

தமிழ்ச்செல்வன், மாலை 6.25
இல்லை அம்மா, இதில் ஒரு வரிகூட உண்மையில்லை. ஜகதீஷ் 1858இல் மைமன்சிங்கில் பிறந்தார்; தந்தை பகவான் சந்திர போஸ், அரசுப் பணியில் இருந்தவர். சத்யேந்திரநாத் 1894இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத், ரயில்வேயில் வேலை பார்த்தவர். சுபாஷ் 1897இல் கட்டாக்கில் பிறந்தார். தந்தை ஜானகிநாத், அந்த ஊரில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அமர் போஸ் 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர்; அவருடைய தந்தை நோனி கோபால் போஸ். நான்கு பேர், நான்கு வீடுகள்.

வங்காளத்தில் போஸ் என்பது பல்லாயிரம் குடும்பங்களுக்கு உரிய பெயர். காயஸ்தர் சமூகத்தில் கோஷ், மித்ரா, குஹா போன்ற பெயர்களோடு சேர்த்து எண்ணப்படுவது. ஜோதி பாசுவின் பெயரில் உள்ள பாசுவும் இதே குடும்பப் பெயர்தான். ஆகவே இருவருக்கும் போஸ் என்று பெயர் இருப்பதை வைத்து அவர்கள் உறவினர்கள் என்று சொல்லவே முடியாது.

மங்கையர்க்கரசி, மாலை 6.31
அண்ணன் சொல்வதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள், நிலா. நமக்கு இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். உன் தாத்தாவுக்கு நேதாஜியின் மீதிருந்த பற்றினால் போஸ் என்று பெயர் வைத்தார்கள். அண்ணனும் நானும் கையொப்பமிடும்போது அது போ. என்ற ஓர் எழுத்தாக நிற்கிறது. உங்கள் பெயர்களில் அதுவும் இல்லை. தென் மாவட்டங்களில் போஸ் என்றும் சுபாஷ் சந்திர போஸ் என்றும் பெயர் கொண்ட ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் மிகுதி. அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி சென்னையில் வளர்ந்தவர். அந்த நினைவுதான் இங்கே பெயராக மாறியது. வங்காளத்தில் பிறப்பால் வந்த பெயரை இங்கே ஒரு தாயும் தந்தையும் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரையில் இதற்கும் இடம் கொடு.

கதிரவன், மாலை 6.40
அப்பா, உறவு இல்லை என்பது சரி. ஆனால் உறவே இல்லாதவர்களை ஒரு கட்டுரையில் எதற்காகச் சேர்க்க வேண்டும்? நிலாவின் ஆசிரியர் இதைக் கட்டாயம் கேட்பார்.

தமிழ்ச்செல்வன், மாலை 6.58
அந்தக் கேள்விக்கு விடை அவர்களுடைய வேலையில் இருக்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் 1885 முதல் 1915 வரை கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். ஆங்கிலேயப் பேராசிரியர்களைவிடக் குறைந்த ஊதியம் தருவதாகச் சொன்னதால் மூன்று ஆண்டுகள் ஊதியத்தையே வாங்காமல் பாடம் நடத்தியவர் அவர். 1895இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் மில்லிமீட்டர் அளவிலான மின்காந்த அலைகளைச் சுவர்களைத் தாண்டிச் செலுத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் செடிகளின் பக்கம் திரும்பினார். அவற்றின் மிக நுண்ணிய வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியை அமைத்தார். அவரிடம் மாணவராக அமர்ந்து பயின்றவர்தான் சத்யேந்திரநாத் போஸ்.

அந்த மாணவர் 1924இல், அப்போது தாம் பணியாற்றிய டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். ஒளித்துகள்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாது என்று கொண்டு எண்ணினால், சூடான பொருள் வெளியிடும் ஒளியைக் கணக்கிடும் பிளாங்கின் கதிர்வீச்சு விதி பழைய மின்காந்தவியலின் துணையில்லாமலே கிடைத்துவிடும் என்பதே அதன் சாரம். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவ்வகைத் துகள்களுக்குப் போசான் என்று பெயர் சூட்டியவர் இயற்பியலாளர் டிராக். போஸும் ஐன்ஸ்டைனும் காட்டிய வழியில் முன்கூட்டிச் சொல்லப்பட்ட பருப்பொருள் நிலையை 1995இல் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியவர்களுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. சத்யேந்திரநாத்துக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் உலகில் இருக்கும் துகள்களில் ஒரு பெரும் வகுப்பே அவருடைய பெயரைச் சுமக்கிறது.

ஆசிரியர், மாணவர் என்ற இந்த உறவைத்தான், கதிர், அந்தச் செய்தியை எழுதியவர் இரத்த உறவாக்கிவிட்டார். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மையில் நடந்தது அதைவிட உயர்ந்தது. ஓர் ஆசிரியர் தம் பிள்ளையல்லாத ஒருவருக்கு அறிவைக் கொடுத்தார்.

மங்கையர்க்கரசி, இரவு 7.05
அண்ணா, ஜகதீஷின் சொந்த வீட்டிலும் இந்தப் பெயர் சுற்றிச் சுற்றி வருகிறதே! அவருடைய சகோதரியை மணந்தவர் ஆனந்த மோகன் போஸ். கேம்பிரிட்ஜில் ராங்லர் என்ற கணிதச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர். 1898இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். மைத்துனர்கள் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனாலும் ஒருவருக்கு அது வந்தது மற்றவரிடமிருந்து அன்று. ஜகதீஷ் நிறுவிய ஆய்வு நிலையத்தை அவருக்குப் பின் 1938 முதல் நடத்திய தேவேந்திர மோகன் போஸும் ஜகதீஷின் சகோதரி மகன்தான். அவருக்குப் போஸ் என்ற பெயர் தந்தை வழியில் வந்தது.

இந்த வரிசையில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருவரையும் சொல்ல வேண்டும். ஜகதீஷின் மனைவி அபலா போஸ். அவருக்கு இந்தப் பெயர் திருமணத்தால் வந்தது. பிறந்தது தாஸ் குடும்பத்தில். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டிருந்த 1880களில் அவர் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் பெண் கல்விக்காகவும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்காகவும் 1919இல் நாரி சிக்ஷா சமிதியைத் தொடங்கினார். ஒரு போஸ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறார் என்பது நம் மாணவிகளுக்குத் தெரிய வேண்டும், நிலா.

நிலா, இரவு 7.09
எனக்கே இப்போதுதான் தெரியும், அத்தை. அவரைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வைக்கப் போகிறேன். நேதாஜிக்கும் மற்றவர்களுக்கும் இடையில் ஏதேனும் தொடர்பு இருந்ததா?

மங்கையர்க்கரசி, இரவு 7.24
இரண்டு தொடர்புகள் எனக்குத் தெரியும். இரண்டுமே உறவு சாராதவை. முதலாவது நந்தலால் போஸ். சாந்திநிகேதனில் கலைப் பள்ளியான கலா பவனத்தை முப்பது ஆண்டுகள் அளவில் வழிநடத்திய ஓவியர். 1930இல் காந்தியடிகள் கைத்தடியோடு நடக்கும் உருவத்தைக் கறுப்பு வெள்ளையில் செதுக்கியவர் அவரே. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியின் பக்கங்களை அணி செய்தவர்களும் அவரும் அவருடைய மாணவர்களும்தான். 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் கூடியபோது, காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று நந்தலால் தொடர் ஓவியங்களாகச் சுவரொட்டிகளை வரைந்தார். குயவர், தச்சர், உழவர், நூல் நூற்கும் பெண், பறை கொட்டுபவர் என்று கிராமத்து மக்களே அவற்றில் நிறைந்திருந்தார்கள். வந்துபோகும் எளிய மனிதர்கள் தங்களையே அங்கே காண வேண்டும் என்பது நோக்கம். அந்த மாநாட்டின் தலைவர் யார் தெரியுமா? சுபாஷ் சந்திர போஸ். ஒரு போஸ் வரைந்த ஓவியங்களுக்கு நடுவே இன்னொரு போஸ் தலைமை உரை ஆற்றினார். ஜகதீஷ் கல்கத்தாவில் 1917இல் திறந்த ஆய்வு நிலையத்திலும் நந்தலாலின் ஓவியங்கள் இருக்கின்றன.

இரண்டாவது ராஷ் பிகாரி போஸ். அதை அண்ணன் சொன்னால் முறையாக இருக்கும்.

தமிழ்ச்செல்வன், இரவு 7.37
1912 டிசம்பரில் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிங்கின் மீது குண்டு வீசப்பட்ட நிகழ்வுக்குப் பின்னணியில் இருந்தவர் ராஷ் பிகாரி. 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்று, அங்கேயே மணம் புரிந்து, ஜப்பானியக் குடிமகனாகவும் ஆனார். தென்கிழக்கு ஆசியாவில் இந்தியர்களைத் திரட்டும் இந்திய சுதந்திர லீகின் தலைமை அவரிடம் இருந்தது. 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில், தம்மைவிடப் பதினோரு வயது இளையவரான சுபாஷிடம் அந்தப் பொறுப்பை அவர் ஒப்படைத்தார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அயல்நாட்டில் இருந்து கட்டியதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஆலோசகராக ஒதுங்கி நிற்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று எண்ணிப் பார். தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்து போனதைப் போல இதைச் சொன்னால் ராஷ் பிகாரியின் செயல் சாதாரணமாகிவிடும். அவர் உறவு பார்த்துக் கொடுக்கவில்லை, தகுதி பார்த்துக் கொடுத்தார்.

1908 ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூரில் பதினெட்டு வயதில் தூக்கிலிடப்பட்ட குதிராம் போஸும் இதே பெயர் கொண்டவர். அவர் மிதினாப்பூரைச் சேர்ந்தவர். மேலே சொன்ன எவருக்கும் சொந்தம் இல்லை.

கதிரவன், இரவு 7.52
என் துறையிலிருந்தும் ஒருவரைச் சேர்க்கிறேன். ராஜ் சந்திர போஸ், கணித அறிஞர், 1901இல் பிறந்தவர். ஆறு படைப்பிரிவுகளிலிருந்து ஆறு பதவிநிலைகளைச் சேர்ந்த முப்பத்தாறு அதிகாரிகளை ஒரு சதுரத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒருமுறை மட்டும் வர வேண்டும். இது முடியாது என்றும், 10, 14 போன்ற அளவுகளிலும் முடியாது என்றும் 1782இல் கணித அறிஞர் ஆய்லர் கருதினார். ஆறுக்கு அவர் சொன்னது சரி. ஆறைவிடப் பெரிய அத்தகைய அளவுகள் எல்லாவற்றிலும் முடியும் என்று 1959இல் ராஜ் சந்திர போஸ், ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகிய மூவரும் நிறுவினார்கள். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அதே காலத்தில் அவரும் அவருடைய மாணவர் ராய் சவுத்ரியும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றை உருவாக்கினார்கள். அதைத் தனியாகவே கண்டறிந்த பிரெஞ்சுக்காரர் ஹோக்கங்கெமின் பெயரையும் சேர்த்து பிசிஎச் என்று அழைக்கிறோம். நாம் பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தின் வடிவத் தகவலைப் பிழையிலிருந்து காப்பது அந்தக் குறியீடுதான்.

அமர் போஸைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே 1956 முதல் 2001 வரை பேராசிரியராக இருந்தவர். 1964இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் அதன் பங்குகளில் பெரும்பகுதியை, வாக்குரிமை இல்லாத பங்குகளாக, எம்ஐடிக்கே கொடுத்துவிட்டார்.

நிலா, இரவு 8.03
இத்தனை பேரும் ஒரே பெயரில் வந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லையே, பெரியப்பா. அந்தப் பெயரில் ஏதோ சிறப்பு இருப்பதாகப் படிப்பவர்கள் எண்ணிவிட மாட்டார்களா?

தமிழ்ச்செல்வன், இரவு 8.21
கட்டுரையில் நீ கவனமாக எழுத வேண்டிய இடம் இதுதான். பெயரில் ஒரு சிறப்பும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியும் அரசு வேலையும் முதலில் கிடைத்த சமூகங்களுள் காயஸ்தர்கள் ஒருவர். கல்லூரி வாசல் யாருக்குத் திறந்ததோ அவர்களுடைய பெயர்களே பட்டியலில் மீண்டும் மீண்டும் வரும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்ட மேகநாத் சாகாவைச் சேர்த்துக்கொள். சத்யேந்திரநாத்தின் வகுப்புத் தோழர்; 1915இல் முதுநிலைத் தேர்வில் சத்யேந்திரநாத் முதலிடம், சாகா இரண்டாம் இடம். டாக்காவுக்கு அருகில் சிற்றூர் ஒன்றில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தா விடுதியில் அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். அப்படிப்பட்டவர்தான் 1920இல் விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டும் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்தார். சாகா என்ற பெயரை வைத்து யாரும் இப்படி ஒரு செய்தியைச் சுற்றுக்கு விடுவதில்லை. போஸ்களின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தம் உழைப்பால் வந்தவர்கள். அந்த உழைப்பைப் பிறப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றே சொல்கிறேன்.

மங்கையர்க்கரசி, இரவு 8.26
முழுவதும் ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. நிலா, தொடர்பு இல்லாத இடத்தில் தொடர்பு இல்லை என்றே எழுது. குதிராமுக்கும் அமர் போஸுக்கும் இடையில் ஒரு பாலம் கட்ட வேண்டிய தேவை இல்லை.

கதிரவன், இரவு 8.30
அமர் போஸின் தந்தை நோனி கோபால், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறை சென்று, பின்னர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். நேதாஜியின் பேரன் என்ற பொய்யை நீக்கும் இடத்தில் இந்த உண்மையை வைத்துவிடு. அந்தக் குடும்பத்துக்கு விடுதலைப் போராட்டத்தோடு சொந்தமாகவே ஒரு வரலாறு இருக்கிறது. யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

நிலா, இரவு 8.41
மிக்க நன்றி. தலைப்பிலிருந்து குடும்பம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அபலா போஸில் தொடங்கி, பிரசிடென்சி வகுப்பறை, ஹரிபுரா, சிங்கப்பூர் ஆகியவற்றை விரிவாகவும் மற்றவர்களைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். சாகாவுக்குத் தனிப் பத்தி உண்டு. அத்தை, நாளை மாலை வரைவை அனுப்புகிறேன். ஹரிபுரா பகுதியை நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள். அந்தச் செய்தி வந்த குழுவிலும் பெரியப்பா முதலில் எழுதிய பிறப்பு விவரங்களை இப்போதே பதிவிட்டுவிடுகிறேன்.