புதுப்பிப்பு: சித்தியின் குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டது

மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த சித்தப்பா தவறிய பிறகு, தேவிபட்டினத்தில் இருக்கும் சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், சித்தப்பாவின் பணி ஆவணத்தில் சித்திக்கு ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர்.

போன வாரம் நிலுவையோடு பணம் ஏறியது. சித்தி பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு (ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தருவது) கொடுத்தோம். அங்கிருந்தே ராணுவத்தின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் ஒரு இடைத்தரகர் காசு வாங்கி ஏமாற்றியிருந்தார், யாரும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், சித்தியின் மகள், என் தங்கச்சி படிப்பு. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் உண்டு என்பதே எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. பிளஸ் டூவில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்திருப்பதால், தொழிற்கல்வியில் சேர்ந்ததும் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3000 ரூபாய்.

மண்டபம், தொண்டி பக்கம் இப்படிக் காத்திருக்கும் அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூடவே நான் வருகிறேன்.